குருமன்காட்டில் ‘காடு’ வேண்டாமாம்

விசிட்டிங் கார்ட் அடிக்க வருபவர்கள் கடைப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். எழுத்து, நிறம், மூலையில் பிள்ளையார் வேண்டுமா வேண்டாமா எல்லாம் பத்து நிமிட வேலை. முகவரிக்கு வந்ததும்தான் இழுபடும். “இதை எப்படித் தம்பி போடுறது? இடத்தின்ர பேரைப் போடுவமா, இல்லாட்டி சும்மா வவுனியா எண்டு விடுவமா?”

போன மாதம் இங்கே வவுனியாவில் மன்னார் வீதிப் பக்கத்துக் கடைக்காரர் நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். தங்கள் வீதித் துண்டுக்கே ஒரு புதுப் பெயர் வைத்து, வரவேற்பு வளைவு, கடைப் பை, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அதையே அடிக்க வேண்டுமாம். இருக்கிற பெயருக்கு என்ன குறை என்று கேட்டேன். “குருமன்காடு. காடு எண்டு போட்டா ஆர் வருவினம்?” என்றார் மூத்தவர். அவர்கள் கொண்டுவந்த தாளில் எட்டுப் பத்துப் பெயர்கள் இருந்தன. பிரித்துப் பார்த்தால் நாலு சாதி.

பெயரை நான் பார்க்கிற விதம் தொழில்காரனின் விதம். ஓட்டோக்காரர் கேட்டவுடன் வண்டியைத் திருப்புவாரா? தபால்காரருக்குக் குழப்பம் வருமா? பலகையில் மூன்று மொழியிலும் எழுத வருமா? இருபது வருடத்துக்குப் பிறகு அதே பெயரைச் சொல்லச் சங்கடம் இருக்காதா?

முதலாவது சாதி குளப்பெயர். இது வவுனியாவும் கிளிநொச்சியும் அடங்கிய எங்கள் வன்னியின் சொந்தச் சரக்கு. இறம்பைக்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம், கூமாங்குளம், உக்கிளாங்குளம், கோவில்குளம் என்று வவுனியா ரவுணைச் சுற்றி ஓட்டோவில் ஒரு வட்டம் அடித்தால் காதில் விழுவதெல்லாம் குளம்தான். ஆங்கிலேயர் காலத்தில் வவுனியாவே ‘வவுனியா விளாங்குளம்’. வேறெந்தப் பெயர் வகைக்கும் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: காணி வாங்கப் போகிறவனுக்கு அது முதல் கேள்வியை எடுத்துக் கொடுக்கும். குளத்துக்கு மேலேயா, அணைக்கட்டுக்குக் கீழேயா? ‘முறிப்பு’ என்று முடிகிற ஊர் என்றால் அங்கே ஒரு காலத்தில் குளக்கட்டு உடைந்திருக்கிறது. ‘மோட்டை’ என்றால் சின்னக் குளம். ‘தாழ்வு’ என்றால் சொல்லவே தேவையில்லை, மார்கழி மழைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

குறையும் இருக்கிறது. ஒரே மரம் பல குளங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. ரவுணுக்குள் வைரவபுளியங்குளம். மன்னார் வீதியில் பட்டாணிச்சி புளியங்குளம். ஓமந்தை தாண்டி, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் வெறும் புளியங்குளம். என் கைப்பட நடந்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ரியூசன் மாஸ்டருக்குக் கார்ட் அடித்தபோது ‘வைரவபுளியங்குளம்’ பத்து எழுத்தும் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்க மனம் வராமல் ‘புளியங்குளம்’ என்று சுருக்கிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவருக்குக் கொழும்பிலிருந்து வந்த புத்தகப் பார்சல் நேரே ஏ9 புளியங்குளத்துக்குப் போய்விட்டது. 500 கார்டையும் என் செலவில் திருப்பி அடித்தேன். பட்டாணிச்சி புளியங்குளத்துக்காரர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். யாரையும் கேட்காமல் வாயாலேயே ‘பட்டாணிச்சூர்’ ஆக்கிவிட்டார்கள், இப்போது பலகையிலும் அதுதான்.

இரண்டாவது சாதி நகரும் புரமும். இதற்குக் கிளிநொச்சியைப் பார்க்க வேண்டும். ஜெயந்திநகர், உதயநகர், விவேகானந்தநகர், ஆனந்தபுரம், கிருஷ்ணபுரம், பாரதிபுரம், தொண்டமான்நகர். கிளிநொச்சி 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். பிறகு மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களும் அங்கே காடு வெட்டிக் குடியிருந்தார்கள். பழைய குளமோ பழைய கோயிலோ இல்லாத இடத்தில் அவர்கள் வேறென்ன பெயர் வைப்பது? அதனால் இந்தப் பெயர்களைச் செயற்கை என்று நான் சொல்லமாட்டேன். குடியிருந்தவர்களின் வாயில் பழகிய பெயர்கள். பிரச்சினை, ஏற்கெனவே பெயர் உள்ள இடத்தின்மேல் ஒரு ‘நகரை’த் தூக்கி வைக்கும்போதுதான் வருகிறது.

தாளில் ‘பண்டாரவன்னியன் நகர்’ என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரரை எதிர்த்து நின்ற வன்னி மன்னன். அவர் பெயரை வேண்டாம் என்று வன்னியில் யார் சொல்வார்? ஆனால் அதுதான் சிக்கலும். வவுனியாக் கச்சேரியடியில், அதாவது மாவட்டச் செயலகத்தடியில், அவருக்குச் சிலை இருக்கிறது, முல்லைத்தீவுப் பக்கத்துக் கற்சிலைமடுவில் அவர் தோற்ற 1803ஆம் ஆண்டைச் சொல்லும் கல் இருக்கிறது. துணிக்கடையும் போன் கடையும் உள்ள அரைக் கிலோமீட்டர் வீதிக்கும் அவரா? பெரியவர்களின் பெயருக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைச் சென்னையில் பார்க்கலாம். பிட்டி தியாகராயர் நினைவாக வைத்த தியாகராய நகர் தி.நகராகிவிட்டது. அங்கே சேலை எடுக்கப் போகிறவர்கள் யாரும் அவரை நினைப்பதில்லை.

இந்தச் சாதியில் நன்றாக நின்ற ஒன்றைச் சொல்லச் சொன்னால் கிளிநொச்சியின் அறிவியல்நகரைச் சொல்வேன். 2009இல் போர் முடிவதற்கு முன்பே வந்த பெயர். அப்போது கேட்டவர்களுக்குக் கொஞ்சம் பெரிய வாய் போலத் தோன்றியிருக்கும். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கேயே வந்தன. இப்போது பஸ் கொண்டக்டர் “அறிவியல்நகர் இறக்கம்” என்று கத்தும்போது அது மிகச் சாதாரணமான ஓர் இடப்பெயர். முதலில் பெயர், பிறகு பொருள் என்ற வரிசையும் சில இடத்தில் வெல்லும். ஆனால் அதற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும். எங்கள் நாலு பேரிடம் இருப்பது நாலு கடை.

மூன்றாவது சாதி எண்ணும் அடையாளமும். கிளிநொச்சியில் பஸ் டிப்போ இருப்பதால் டிப்போ சந்தி, கரடி போய்வந்ததால் கரடிப்போக்கு. உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால். வவுனியாவில் முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு, பழைய பஸ் நிலையம். எனக்குப் பிடித்தது கிளிநொச்சியின் 155ஆம் கட்டை. கண்டியிலிருந்து மைல் கணக்கில் எண்ணி வந்த கட்டை அது. நாடு கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ வருடமாகிறது. கட்டை மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. ஓட்டோக்காரருக்கு இதைவிட நல்ல பெயர் இல்லை. மூன்று மொழியிலும் எண் ஒன்றே.

எண்ணுக்கு மதிப்பே வராது என்பவர்கள் கொழும்பு 7ஐ நினைத்துப் பார்க்கலாம். வெறும் தபால் எண்தான், ஆனால் காணி விலை கேட்டால் தலை சுற்றும். அதுவும் இடம் எண்ணுக்குக் கொடுத்த மதிப்பு, எண் இடத்துக்குக் கொடுத்ததல்ல. ‘மன்னார் வீதி 1’ என்று நாங்கள் எழுதினால் கடை இலக்கம் என்றுதான் சனம் நினைக்கும்.

நாலாவது சாதியை விரைவாகக் கடக்கிறேன். ‘வி-சிற்றி’, ‘வன்னி ஸ்குவயர்’, இன்னும் சில. இந்த ஆசைக்கெல்லாம் முப்பாட்டன் நியூயோர்க்கின் சோஹோ. ஹூஸ்டன் வீதிக்குத் தெற்கே என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1960களில் பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் ஓவியர்கள் குடிபுகுந்த பகுதி, அதனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். 2017இல் அதே நகரத்தில் ஹார்லமின் தெற்குப் பகுதியை ‘சோஹா’ என்று விற்க வீடு விற்கும் முகவர்கள் முயன்றபோது ஊர்ச்சனம் கொதித்து எழுந்தது. தங்களைத் துடைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இடம் விடுகிற பெயர் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. எங்களுக்கு அந்த ஆபத்துகூட இல்லை. ‘வி-சிற்றி’யைத் தமிழில் எழுதி வாசித்தால் சீட்டுக் கம்பனி மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

வன்னியில் பெயர்ப்பலகை மாறுவது வெறும் வியாபார விஷயம் அல்ல என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன். முல்லைத்தீவுப் பக்கத்து மணலாறு 1988இல் வர்த்தமானியில் வெலிஓயா ஆனது. சிங்களத்தில் வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. அச்சு அசலான மொழிபெயர்ப்பு, ஆனால் அதோடு எத்தனை குடும்பங்களின் முகவரி போயிற்று. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யார் பழைய பெயரை அழித்துப் புதிது எழுதினாலும், எழுதுகிறவர் எங்கள் ஆளாகவே இருந்தாலும், சனம் ஒருதரம் நின்று பார்க்கும். காணி உறுதியிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஒரு பெயர், வளைவில் இன்னொரு பெயர் என்றால் கிராம அலுவலரிடம் கடிதத்துக்கு அலைவதும் நாங்கள்தான்.

சரி, என் முடிவு என்ன என்று கேட்டார்கள். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குருமன்காடுதான் முதலில் வருகிறது என்றேன். ஆறே எழுத்து. இன்னொரு குருமன்காட்டுக்குப் பார்சல் போன கதையை நான் கேட்டதில்லை. ஓட்டோக்காரர் திருப்பிக் கேட்கமாட்டார். மூத்தவருக்கு ‘காடு’ இன்னும் தொண்டையில் நின்றது. அண்ணை, கொழும்பு 7இன் பெயர் கறுவாத்தோட்டம் என்றேன். ஒல்லாந்தர் காலத்துக் கறுவா போய்விட்டது, தோட்டம் என்ற பெயரைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வெட்கம் இல்லை. ஆற்காடும் பாலக்காடும் பெரிய ஊர்கள்தானே. யாழ்ப்பாணத்தில் நகை வேலைக்காரரின் பெயரால் தட்டாதெரு இருக்கிறது. உங்கள் வீதியில் எதுவாவது ஒரு பொருள் ஊரிலேயே நன்றாகக் கிடைக்கும் என்று பெயர் எடுத்தால், பெயரைச் சனமே வைக்கும்.

மனிதர் அரை மனதோடு தலையாட்டினார். வளைவுக்கு மாதிரி போட்டுக் காட்டினேன்: பெரிதாகக் ‘குருமன்காடு’, கீழே சின்னதாக மற்ற இரு மொழிகளும். ‘காடு’ மட்டும் கொஞ்சம் மெல்லிய எழுத்தில் வரலாமா என்று இளையவர் கேட்டார். ஒரே தடிப்பில்தான் அடிப்பேன் என்றேன். முற்பணம் தந்திருக்கிறார்கள். கடைசியில் ‘சந்தி’ சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டும் இன்னும் முடியவில்லை.