மின்னடுப்புக்கு 6 எம்எம் வயர்: நான்கு வருட அனுபவம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு மின்னடுப்பு வந்து நான்கு வருடம் ஆகிறது. மேலே நான்கு தட்டு, கீழே ஓவன், மொத்தம் 7000 வாட். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. தப்பு எங்கள் வயரிங்கில்தான்.

முதலில் பழைய ஏர்கோன் லைனிலேயே இணைத்தோம். 2.5 எம்எம் வயர் (உள்ளிருக்கும் கம்பியின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டரில்), 20 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் தானாக விழுந்து லைனை அடைக்கும் சுவிட்ச். இரண்டு தட்டு மூட்டினால் ஓடும். எல்லாவற்றையும் போட்டால் சில நிமிடத்தில் விழும். தெரிந்தவர் ஒருவர் 32 ஆம்பியர் எம்.சி.பி. மாற்றிக் கொடுத்தார். அப்புறம் விழவே இல்லை, நிம்மதியாக இருந்தோம். ஒரு மாதம் கழித்து கோழிக்குழம்பு கொதிக்கும்போது கருகின வாடை. மெயினை அடைத்துவிட்டு சுவிட்சைக் கழற்றினால், வயரின் சிவப்புத் தோல் பழுப்பாகி, விரல் பட்டதும் உதிர்ந்தது.

லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்து பார்த்தார். "அக்கா, எம்.சி.பி. இருக்கிறது வயரைக் காப்பாத்தத்தான். மெல்லிசு வயருக்குப் பெரிசு போட்டா, வயர்தான் முதல்ல எரியும்" என்றார்.

7000ஐ 230ஆல் வகுத்தால் 30 ஆம்பியருக்குச் சற்று மேல். குழாய்க்குள் போகும் சாதாரண பிவிசி வயர், 30 டிகிரி சூட்டில் 2.5 எம்எம் என்றால் 24 ஆம்பியர், 4 எம்எம் 32, 6 எம்எம் 41 தாங்கும். அப்படியானால் 4 போதுமே என்றுதான் நானும் கேட்டேன். ஆனால் 40 டிகிரியில் அந்த அளவு 0.87 மடங்காகிவிடும். 4 எம்எம் 28க்கு இறங்கும், 6 எம்எம் 35க்கு மேலே நிற்கும். மத்தியான வெயிலில் சீலிங்குக்கு மேலே இன்னும் மோசம் என்று, குழாயைச் சுவரோரமாகவே கொண்டுவந்தார். அடுப்புக்கென்று தனி லைன், 6 எம்எம் வயர், 32 ஆம்பியர் எம்.சி.பி., கை எட்டும் பக்கவாட்டில் 45 ஆம்பியர் சுவிட்ச். 13 ஆம்பியர் பிளக்கெல்லாம் 3000 வாட்டுக்குள்தான், இதற்கு ஆகவே ஆகாது.

அதன்பிறகு நான்கு தீபாவளி ஓடிவிட்டது. முறுக்கு, இறைச்சிப் பிரட்டல், ஓவனில் கேக் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். எம்.சி.பி. விழுந்ததே இல்லை. மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பியபோது மட்டும் ஓவனைப் போட்டதும் ஈ.எல்.சி.பி. (மின்சாரம் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழுந்தது. வயர்மேன் சோதித்துவிட்டு, ஹீட்டருக்குள் ஈரம் ஏறியிருக்கிறது என்று உலர்த்திக் கொடுத்தார், சரியாகிவிட்டது.

ஒரு வருடம் கழித்து எம்.சி.பி. திருகுகளையும் பார்க்கச் சொன்னேன். திருகு தளர்ந்தாலே அந்த இடம் சூடாகிக் கருகும். அவர் முறுக்கியபோது ஒன்று கால் சுற்று திரும்பியது.