பூட்டிக்கொண்ட காப்பியரும் ரிச்சி தெரு சர்வீஸ் கடையும்

மயிலாப்பூரில் எங்களுடையது சின்ன ஆடிட்டர் ஆபீஸ். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெராக்ஸ் மெஷினின் செட்டிங்ஸை மாற்றத் தேவையான அட்மின் பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை. விற்றவர் போனை எடுப்பதே இல்லை. ரவுட்டரை மாற்றியதும் மெஷினின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) மாற்ற வழியில்லாமல் பிரிண்ட், ஸ்கேன் இரண்டும் நின்றுவிட்டன. டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்கு செப்டம்பர் 30 கெடு. ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டுப் பார்த்ததில் பேனல் பூட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் கேட்டேன். "பில்லும் சீரியல் நம்பர் போட்டோவும் காட்டுங்க சார், இல்லாம தொட மாட்டேன்" என்றார் டெக்னீஷியன். அந்த ஒரு வார்த்தையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர் இரண்டு மணிக்குத்தான் வந்தார். அது குறைதான். ஆனால் வேலை சுத்தம். அட்ரஸ் புக் (ஸ்கேன் அனுப்பும் முகவரிப் பட்டியல்) அழிந்தாலும் அழியலாம் என்று ஒவ்வொரு திரையையும் என் போனிலேயே படம் எடுக்க வைத்தார். அப்புறம் டெக்னீஷியன்களுக்கான சர்வீஸ் மோடில் போய் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் ரீசெட் செய்தார். புது பாஸ்வேர்டை என்னையே போடச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஹார்ட் டிஸ்கில் பழைய ஆபீஸின் ஸ்கேன்கள் அப்படியே கிடந்தன, யாரோ ஒருவரின் பான் கார்டு உட்பட. என்னிடம் கேட்டுவிட்டு அதையும் அழித்தார்.

மொத்தம் 1,200 ரூபாய், பில்லோடு. பாஸ்வேர்டை எழுதி உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்துவிட்டேன்.