வால்பாறைக்குக் கொண்டுபோன தவளைச் செயலி: 5க்கு 3

ஜூன் மழையில் வால்பாறை போனபோது, படம் எடுத்துக் கொடுத்தால் தவளையின் பெயரைச் சொல்லும் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டு போனேன். பெரிய தவளைகளில் கெட்டிக்காரன்தான். தங்கிய பங்களாவுக்குப் பின்னால், தேங்கிய தண்ணீருக்கு மேலே ஓர் இலையில் தவளை முட்டையிடும் நுரைக்கூடு ஒட்டியிருந்தது, பக்கத்துக் கிளையில் பச்சை முதுகில் கருங்கோடுகள் வலைபோல ஓடும் தவளை. ஆனைமலை பறக்கும் தவளை என்று உடனே சொன்னது. 2000ஆம் ஆண்டில்தான் அது தனி இனமாக விவரிக்கப்பட்டது, மலபார் பறக்கும் தவளையோடு குழப்பிக்கொள்ளாததற்கு ஒரு சபாஷ்.

வம்பெல்லாம் புதர்த்தவளைகளில்தான். பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ராவோர்கெஸ்டஸ் என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி), தவளை ஆய்வாளர் சி.ஆர். நாராயண ராவின் நினைவாக 2010இல் வைத்த பெயர். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வந்துவிடும். ஒரே இனத்தில் ஒன்று பழுப்பாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் இருக்கும், மூன்றாவதன் முதுகில் கோடு வேறு. பாவம், செயலி என்ன செய்யும்? ஏலக்காய்ச் செடியில் உட்கார்ந்திருந்த ஒரே ஆண் தவளையை மூன்று கோணத்தில் எடுத்தேன், மூன்று பெயர் வந்தது, அதில் ஒன்று இலங்கைத் தவளை! தெரியவில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே, அதைவிட்டு ஒவ்வொரு தடவையும் அடித்துச் சொல்கிறது.

ஆனால் உள்ளே குரல் பதிவுகள் என்று ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. இதற்காகத்தான் 3 மதிப்பெண். டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன், அட்டை இரண்டு காலில் ஏறியதுதான் மிச்சம் என்று நினைத்தபோது அந்தப் புதர்த்தவளை கத்த ஆரம்பித்தது. தொண்டைப்பை கண்ணாடிக் குமிழ் மாதிரி உப்பி அடங்குகிறது, ஒவ்வொரு உப்பலுக்கும் கரண்டியால் டம்ளரைத் தட்டியதுபோல ஒரு சத்தம். அதைப் பதிவு செய்து அறைக்கு வந்து ஒப்பிட்டதில், மூன்று பெயரில் இரண்டு கழன்றுவிட்டன.

வாங்குகிறவர்கள் பதிவுகளை மலையேறும் முன்பே போனில் இறக்கிக்கொண்டு போங்கள், மேலே சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்புறம், படத்துக்காகத் தவளையைக் கையில் பிடிக்காதீர்கள், கொசு மருந்து தடவிய கை என்றால் அதன் தோல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.