மெர்குரியா, அப்பல்லோவா, விக்ரமா? நீலகிரியில் முழு அளவு மாதிரிக்கு டிராயிங் தேடுவோருக்கு

ஊட்டி, குன்னூர் பக்கம் பள்ளி மைதானத்தில் முழு அளவு விண்கல மாதிரி வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அப்பல்லோவில்தான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் பரிந்துரை மெர்குரி, அமெரிக்கர்கள் முதன்முதலில் விண்வெளிக்குப் போன ஒற்றை ஆள் கலம். காரணத்தில் பாதி டிராயிங்கில் இருக்கிறது, மீதி மலைப்பாதையில்.

நிலவுக்குப் போன வீரர்கள் பூமிக்குத் திரும்பிய கூம்பு வடிவ அப்பல்லோ கட்டளைக் கலத்துக்கு டிராயிங் பஞ்சமே இல்லை. நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைக் களஞ்சியம் இலவசம். ஸ்மித்சோனியன் நிறுவனம் அப்பல்லோ 11 கலமான கொலம்பியாவை ஸ்கேன் செய்து 2016இல் முப்பரிமாணக் கோப்பாகவே வெளியிட்டது. உள்ளறையும் சுவிட்ச் பலகைகளும் வேண்டுமென்றால் இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் ஸ்கேன் தருவது மேற்பரப்பை மட்டும். தகட்டின் தடிமனோ உள்சட்டமோ அதில் தெரியாது. அதுவும் வளிமண்டலத்தில் எரிந்து திரும்பிய கலம். ஏவும்போது மின்னிய வெள்ளி நிறப் படலத்தை அதில் தேடக் கூடாது.

பெரிய சிக்கல் அளவு. அடிவிட்டம் 154 அங்குலம், அதாவது 3.91 மீட்டர். லாரியின் அகலத்துக்குச் சட்ட வரம்பு 2.6 மீட்டர். கீழே செய்து கல்லாறு, பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற வேண்டுமென்றால் துண்டு போட்டே ஆக வேண்டும். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் மழைநீர் இறங்கும்.

அப்பல்லோவில் நிலவில் இறங்கிய கலம் 7 மீட்டர் உயரம். மேல்பகுதியில் முகங்கள் பல கோணங்களில் சாய்ந்திருக்கும். விளக்கப் படத்திலிருந்து அவற்றின் அளவை மீட்க முடியாது. விட்டுவிடலாம்.

பிள்ளைகள் கேட்பது விக்ரம். சந்திரயான்-3 தரையிறங்கிக்கு இஸ்ரோ சொன்ன மொத்த அளவு 2 × 2 × 1.166 மீட்டர், அதிலிருந்து இறங்கிய பிரக்யான் ஊர்தி 917 × 750 × 397 மில்லிமீட்டர். இந்த மொத்த அளவுகளையும் புகைப்படங்களையும் வைத்துச் செய்தால் அது தோற்ற மாதிரிதான். பலகையில் அப்படியே எழுதிவைப்பது நேர்மை.

மெர்குரிக்கு, அதைக் கட்டிய மெக்டொனல் நிறுவனத்தின் அறிமுகக் கையேடு, எஸ்.இ.டி.ஆர். 104, போதும். அடிவிட்டம் 74.5 அங்குலம், அதாவது 1.89 மீட்டர், படுக்கவைத்தால் முழுசாக லாரியில் ஏறும். கையேட்டுப் படத்தின் மேல் தாள் வைத்துக் கோடு இழுக்காதீர்கள். நீளவாட்டில் அங்குலக் கணக்கில் இடம் குறிக்கும் ஸ்டேஷன் எண்களையும் அங்கங்கே உள்ள விட்டத்தையும் அட்டவணையாக்கி, 25.4ஆல் பெருக்கி மில்லிமீட்டரில் புதிதாக வரையுங்கள். ஸ்கேன் பக்கம் ஒரு திசையில் இழுபட்டிருக்கும். தெரிந்த அளவொன்றைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துச் சரிபாருங்கள்.

அதிகம் தவறுவது, உள்ளே இருக்கும் அழுத்தக் கூட்டின் (காற்று அடைத்த, வீரர் அமரும் அறை) அளவை வெளித்தகட்டின் அளவாக எடுத்துக்கொள்வதில். இதைப் பிடிக்க இரண்டு சோதனைகள். கூம்பின் பக்கம் மைய அச்சிலிருந்து 20 பாகை சாய்வு, ஆகவே 10 அங்குலம் ஏறினால் விட்டம் 7.28 அங்குலம் குறைய வேண்டும். வெப்பக் கவசத்தின் வளைவு ஆரம் 80 அங்குலம், ஆகவே குமிழின் ஆழம் சுமார் 9.2 அங்குலம் வர வேண்டும். வரவில்லையென்றால் வேறு கோட்டை அளந்திருக்கிறீர்கள்.

மெர்குரியில் எந்தக் கலம் என்பதையும் முதலிலேயே முடிவுசெய்யுங்கள். 1961இல் முதல் அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் பறந்த ஃப்ரீடம் 7இல் சிறு வட்டச் சன்னல்கள் இரண்டுதான். பெரிய சன்னல் அடுத்து கிரிஸ்ஸம் பறந்த லிபர்ட்டி பெல் 7 முதல். கையேட்டின் பதிப்புத் தேதியைப் பார்க்காமல் கலந்தால் இல்லாத கலம் ஒன்று உருவாகும்.

முழு அளவுத் தாள் அச்சில் ஒரு மீட்டர் சோதனைக் கோடு கட்டாயம். மஞ்சு இறங்கும் நாளில் தாள் ஈரம் குடித்து நீளும். பிளைவுட்டை அறுக்கும் முன் இரும்பு டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சட்டத்துக்கு ஐ.எஸ். 710 தரத்தில் வரும், ஈரம் தாங்கும் மரைன் பிளை. மேலே ஃபைபர் பூசுவதை டிசம்பர், ஜனவரியில் வைக்க வேண்டாம்: 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பாலியெஸ்டர் ரெசின் சரியாக இறுகாது, ஹார்டனரைக் கூட்டினாலும் பிசுபிசுப்பு போகாது. மார்ச், ஏப்ரல் பகல்தான் அதற்கு நேரம்.