பிரேக் டிஸ்க்க மாத்தணும்னாங்க, மாத்தாமயே சத்தம் போச்சு

நம்ம வேகன்ஆர் ரெண்டு வாரமா முன்னாடி லெஃப்ட் வீல்ல கீச்சு கீச்சுனு ஒரே சத்தம், தெருமுனைல திரும்பறப்பவே வீட்ல டீ வச்சுருவாங்க. மழைல நின்ன வண்டி, வீலோட சேந்து சுத்தற பிரேக் தட்டு, அதான் டிஸ்க், அதுல துரு புடிச்சிருக்கும்னு விட்டுட்டேன், ஆனா அது நாலு தடவ பிரேக் புடிச்சா போயிரும், இது போகல. மெயின் ரோட்டுல ஏசி போட்ட ஒரு கராஜ்ல காட்டுனா, வீலைக்கூட கழட்டாம டிஸ்க் ரெண்டும், அத ரெண்டு பக்கமும் அழுத்திப் புடிக்கற பேட் செட்டும் போச்சுங்க சார்னு 9,500க்கு எஸ்டிமேட் நீட்டறாங்க.

அப்பறம் ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லி சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்ன பட்டறைக்கு போனேன். அந்த அண்ணன் மொதல்ல வண்டிய எடுத்துட்டு ஒரு ரவுண்டு போனாரு, கண்ணாடிய எறக்கி விட்டுட்டு செவுரு ஓரமா மெதுவா ஓட்டி காது குடுத்து கேட்டாரு, அவ்ளோதான். வீல கழட்டி பேட் ரெண்டையும் என் கைலயே குடுத்துட்டாரு. வெளிப்பக்க பேட் நல்லா தடியா இருக்கு, உள்பக்கத்து பேட் 2 மில்லி கூட இருக்காது. அதோட ஓரத்துல வளைஞ்சு நிக்கற சின்ன தகடு டிஸ்க்ல உரசிதான் அந்த சத்தம், பேட் தேஞ்சா கத்தறதுக்குன்னே வச்சதாம். "ஏனுங்க ஒண்ணு மட்டும் தேஞ்சிருக்கு?"ன்னு கேட்டா பேட அழுத்தற காலிப்பர் நகர்றதுக்குன்னு இருக்கற ஸ்லைடு பின்ன காட்டறாரு, அதுமேல இருக்கற ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சு தண்ணி போயி துரு புடிச்சு இறுகி கெடக்கு, காலிப்பர் நகர முடியாம உள்பக்க பேடே எல்லா அழுத்தத்தையும் வாங்கிருக்கு. வெறும் பேட மட்டும் மாத்திருந்தா மறுபடியும் இதே கதைதான்.

டிஸ்க்க அளந்து, அதுலயே குத்தியிருக்கற மினிமம் அளவயும் காட்டி, இன்னும் ஓடும்னுட்டாரு. ஸ்லைடு பின்ன சுத்தம் பண்ணி பிரேக் க்ரீஸ், புது பூட், ரெண்டு பக்கமும் புது பேட், கூலியோட 2,300.

கொறையும் சொல்லிடறேன். 11 மணிக்கு விட்ட வண்டி 3 மணிக்குதான் கெடச்சுது, உக்கார ஒரு ஸ்டூல் இல்ல, பில்லு கேட்டா துண்டு சீட்டுதான். பிரேக் தூசிய ஏர் அடிச்சு ஊதறாரு, மூஞ்சில துணிகூட கட்டல, அது எனக்கு புடிக்கல. புது பேட் செட்டாகற வரைக்கும் 200, 300 கிலோமீட்டர் சடார்னு பிரேக் அடிக்காதீங்கன்னு சொல்லிதான் விட்டாரு. பத்து நாளாச்சு, சத்தம் இல்ல. சனிக்கெழம மட்டும் போயிராதீங்க, வாசல்ல வண்டி நிறுத்தவே எடம் இருக்காது.