மார்பின் அடிமடிப்பு வேர்க்குருவுக்குக் காலமைன் லோஷன்

கோடையில் மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்கி, சிறு சிறு வேர்க்குருக்களும் அரிப்பும் வரும்போது, மருந்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சாதாரணக் காலமைன் லோஷனையே நான் முதலில் பரிந்துரைப்பேன். துத்தநாக ஆக்சைடுடன் சிறிதளவு இரும்பு ஆக்சைடு சேர்ந்திருப்பதால்தான் அதற்கு அந்த இளஞ்சிவப்பு நிறம். மருந்து அடியில் படிந்துவிடும் என்பதால், பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் மேலே தெளிந்த நீர்தான் வரும். குளித்தபின் மடிப்பைத் தேய்க்காமல் துண்டால் ஒற்றி உலர்த்தி, பஞ்சில் நனைத்து மெல்லிய பூச்சாகத் தடவினால், உடனே குளிர்ச்சி தெரிகிறது, அரிப்பும் அடங்குகிறது. காய்ந்தபின் பொடியாக உதிர்ந்து உள்ளாடையில் ஒட்டுவதும், தோலை வறட்சியாக்குவதும் குறைகள். இறுக்கமான நைலான் உள்ளாடையை விட்டுப் பருத்திக்கு மாறாதவரை எந்த லோஷனும் நிலைத்த பலன் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் இயல்பாகவே இருக்கும் சிறு புடைப்புகள் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள்; அவற்றுக்கு இதைப் பூசவும் வேண்டாம், அவற்றைக் கிள்ளவும் வேண்டாம். பாலூட்டும் தாய்மார்கள் காம்புப் பகுதியில் இதைத் தடவக் கூடாது. மடிப்பு செக்கச்செவேலெனப் புண்ணாகி நாற்றமெடுத்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் இரத்தக் கசிவோ தென்பட்டால், லோஷனை நம்பியிராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.