ஆறுதல் சொல்லாத ஆதரவுக் குழு

ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமோ சந்தேகமோ விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினை. அது உள்ளவர்களுக்கான ஆதரவுக் குழு ஒன்றில் சில வருடங்களாக இருக்கிறேன். சென்னையில் மாதம் ஒரு நேரடிக் கூட்டம், இடையில் ஜூமில் ஒன்று. கட்டணம் கிடையாது. நடத்துபவர்களுக்கும் ஓசிடி உண்டு. எப்போதாவது ஒரு சைக்காலஜிஸ்ட் வந்து உட்காருவார். இந்த மாதிரிக் குழுவில் சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அங்கே எவ்வளவு ஆறுதல் கிடைக்கிறது என்று பாருங்கள். நிறையக் கிடைத்தால் வேறு குழு தேடுங்கள்.

கேட்க முரணாகத்தான் இருக்கும். ஆனால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதும், "பூட்டிட்டேன் இல்லம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் ஒரே காரியம். "பூட்டிட்டேடா" என்ற பதில் சில நிமிஷம் தாங்கும். அப்புறம் சந்தேகம் முன்னைவிட வலுவாக வரும்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பத்தில் இதுதான் நடந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு தம்பி எழுதுவார்: "ஜிஎஸ்டி ரோட்ல வண்டி ஒரு பள்ளத்துல ஏறி இறங்கிச்சு. யாரையாவது இடிச்சிருப்பேனா?" உடனே எல்லோரும் அன்பாக, "ஒண்ணும் ஆகியிருக்காது, தூங்குங்க." அரை மணி கழித்து அதே கேள்வி, கூடுதல் விவரங்களோடு. அந்த அன்பு அவரைத் தூங்கவே விடவில்லை. கடைசியில் ஒருங்கிணைப்பாளர் அக்கா வாட்ஸ்அப்பை அறிவிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிட்டார். சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். என்னைக் கேட்டால் குழு உருப்பட்டது அன்றைக்குத்தான். இப்போது கூட்டத்தில் யாராவது அப்படிக் கேட்டால் வரும் பதில்: "இடிச்சிருக்கலாம், இடிக்காமலும் இருந்திருக்கலாம். திரும்பிப் போய்ப் பார்க்காம இன்னைக்கு ராத்திரியைத் தாண்ட முடியுமா?" முதல் தடவை கேட்பவர்களுக்கு முகத்தில் அறைந்தது போல இருக்கும்.

இதன் பின்னால் இருப்பது ஈஆர்பி என்ற உளவியல் சிகிச்சை. பயப்படும் விஷயத்தை நெருங்கிப் போவது, போனபின் கழுவுவது, சரிபார்ப்பது போன்ற வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பது. லண்டனில் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை. ஓசிடிக்கான உளவியல் சிகிச்சைகளில் இன்றும் இதற்குத்தான் முதலிடம். குழு அந்தச் சிகிச்சையைத் தராது, தரவும் கூடாது. தெரபிஸ்ட் கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செய்யத் துணை நிற்கும், அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் தெருமுனை டீக்கடைக்குப் போவோம். கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பது எங்களில் சிலருக்குப் பெரிய பரீட்சை. ஒரு வாளி நீரில் முக்கி எடுத்த கிளாஸ், சொல்லவே வேண்டாம். தனியாக இருந்தால் பேப்பர் கப் கேட்டிருப்பார்கள். பக்கத்தில் நான்கு பேர் அதே அவஸ்தையோடு நின்றால் ஒரு வாய் உள்ளே போய்விடுகிறது.

வீட்டுப்பாடம் என்றதும் நினைவுக்கு வருகிறது: அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1981-இல் தொடங்கிய 'கோல்ஸ்' குழுக்களிலும் இதே வழக்கம். பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குள் செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுத்தான் கலைவார்கள். எங்கள் அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். புலம்பல் மன்றமாக ஆகாமல் காப்பாற்றுவது இந்த ஒரு பழக்கம்.

இன்னொரு பெரிய லாபம், வெட்கம் குறைவது. கை கழுவுவதைப் பற்றி வெளியே பேசிவிடலாம். "சுத்தமா இருக்கறது நல்லதுதானே" என்று சொந்தக்காரர்கள் பாராட்டக்கூடச் செய்வார்கள், தண்ணி லாரிக்குக் காசு கொடுப்பவர் தவிர. கருவறை முன்னால் நிற்கும்போது சாமியைப் பற்றி வரும் ஆபாச எண்ணத்தை யாரிடம் சொல்வது? கைக்குழந்தையைத் தூக்கும்போது கீழே போட்டுவிடுவேனோ என்று வரும் எண்ணத்தை? ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் மூன்று பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே போகலாம்.

குறைகளும் உண்டு. மற்றவர் பயத்தைக் கேட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ரேபிஸ் பயம் எங்கள் குழுவில் அப்படித்தான் ஒரு சுற்று வந்தது. மாத்திரை பற்றிய பேச்சு இன்னொரு தலைவலி. மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் ஓசிடிக்கு முழுப் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் பிடிக்கலாம், டோஸும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதல். "மூணு வாரமாச்சு, ஒண்ணும் தெரியலை, நிறுத்தப் போறேன்" என்பவரிடம் "டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்று சொல்ல ஆள் இருப்பது நல்லது. ஆனால் "எனக்கு இத்தனை மில்லிகிராம், உங்களுக்கு?" என்று ஒப்பிடத் தொடங்கினால் எங்கள் அக்கா பேச்சை வெட்டிவிடுவார். உங்கள் குழுவில் வெட்ட ஆள் இல்லையென்றால் யோசியுங்கள்.

குடும்பத்தாருக்கான தனிக் கூட்டம் வருடத்தில் எப்போதாவதுதான் நடக்கிறது. அது போதாது. மனைவிக்காகக் காய்கறிப் பையைக்கூட சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுக்கும் கணவர்களுக்கு, எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று யார் சொல்வது?

தற்கொலை எண்ணம் இருப்பவர்கள் குழுவை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடமோ பக்கத்து மருத்துவமனைக்கோ போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலும் பேசலாம். குழு தேடுபவர்கள் தங்கள் மனநல மருத்துவரிடமே கேட்டுப் பார்க்கலாம். ஜூம் கூட்டமென்றால் முதலில் கேமராவை அணைத்துவிட்டு, புனைபெயரில் வந்து கேட்டுக்கொண்டிருங்கள். பேசச் சொல்லி வற்புறுத்தினால் வெளியேறிவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.